புதிய தலைமுறை பிராசஸருக்கு மாறுவதை எப்போது, எப்படித் தள்ளிப்போடுவது

மேசைக் கணினி வைத்திருப்பவர் புதிய தலைமுறை பிராசஸருக்கு மாற நினைத்தால், விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைப் பார்க்க வேண்டும். எந்த வேலையின்போது கணினி தடுமாறுகிறதோ அந்த வேலையைத் தொடங்கிவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறக்கவும். அங்கே முதலில் தெரியும் மொத்தப் பயன்பாட்டு வரைபடத்தை மட்டும் நம்பக் கூடாது. எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடக்கூடிய வேலைத் தடம்) கொண்ட பிராசஸரில் ஒரு த்ரெட் முழு வேகத்தில் ஓடினாலும் அது 12 அல்லது 13 சதவீதம் என்றுதான் காட்டும். ஆகவே வரைபடத்தின் மீது வலது கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசஸர் வாரியாக, அதாவது ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு கட்டமாகக் காட்டும்படி மாற்றிக்கொண்டு பார்க்க வேண்டும்.

எல்லாக் கட்டங்களும், அல்லது ஒன்றிரண்டாவது, வேலை முடியும்வரை உச்சியிலேயே நின்றால் பிராசஸர்தான் தடை என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். கட்டங்கள் பாதியில் கிடக்க, ரேம் நிரம்பி, டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் தேவைப்படுவது கூடுதல் ரேம். விண்டோஸ் இன்னும் ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் ஓர் எஸ்எஸ்டி. விளையாட்டுக்காக மாற நினைப்பவர்களுக்கு இதைவிட எளிய சோதனை உண்டு. திரைத் தெளிவைக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறது. ஏறவே இல்லையென்றால் பிராசஸரில் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரின் அதே பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ரேமின் வேகத்தையும் கவனிக்க வேண்டும். 3200 என்று அச்சிட்ட ரேம் 2133 அல்லது 2400 வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால், பயாஸில் (கணினி எழும்போது மதர்போர்டில் முதலில் ஓடும் மென்பொருள்) எக்ஸ்எம்பி என்ற, ரேமை அதன் அச்சிட்ட வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பை இயக்காமலேயே கணினியைக் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். காசே செலவில்லாத இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் புதுக் கணினிக்குப் பணம் எடுத்துவைப்பவர்களைப் பார்க்கும்போது உண்மையாகவே மனம் வருந்துகிறது.

சோதனையில் தடை பிராசஸரேதான் என்று தெரிந்தாலும், அறிமுகமான மாதத்திலேயே வாங்குவதற்கு அது போதிய காரணம் ஆகாது. ஒரு தலைமுறையின் முதல் மாதங்களில் குறைகளைக் கண்டுபிடிப்பவர்கள் முதலில் வாங்கியவர்களே என்பதற்குப் பதிவான சான்றுகள் ஏராளம். 2011 ஜனவரியில் இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ் வந்தபோது பிராசஸரில் குறை ஏதும் இல்லை. ஆனால் அதனுடன் மதர்போர்டில் வந்த 6 வரிசை சிப்செட்டில், டிஸ்க்குகளை இணைக்கும் நான்கு சாட்டா போர்ட்டுகள் காலப்போக்கில் செயலிழக்கக்கூடும் என்பதை அம்மாத இறுதியிலேயே இன்டெல் ஒப்புக்கொண்டு, பழுதுநீக்கவும் மாற்றித்தரவும் சுமார் 70 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டது. 2023 ஏப்ரலில், அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த ஏஎம்டியின் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சில, மதர்போர்டில் தாங்கள் அமரும் சாக்கெட்டோடு சேர்ந்து கருகிய படங்கள் வெளியாயின. பிராசஸருக்குள் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி போன்றவற்றுக்குச் செல்லும் எஸ்ஓசி மின்னழுத்தம் 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி புதிய பயாஸ் மூலம் கட்டுப்படுத்திய பிறகே அச்சம் தணிந்தது. 2024 அக்டோபரில் வந்த இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200எஸ் வரிசை பல விளையாட்டுகளில் தனக்கு முந்தைய 14ஆம் தலைமுறையைவிடப் பின்தங்கியது. அதற்கான திருத்தங்கள் டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும்தான் முழுமையாக வந்து சேர்ந்தன.

காத்திருந்தால் எல்லாக் குறைகளிலிருந்தும் தப்பிவிடலாம் என்று கருதுவதும் சரியன்று. இன்டெல்லின் 13ஆம் தலைமுறை 2022 அக்டோபரில் வெளிவந்தது; அதிலும் 14ஆம் தலைமுறையிலும் அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தால் கணினி நிலைகுலையும் சிக்கலுக்கு 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோட் (பிராசஸரின் உள் நிரலுக்கான திருத்தம்) 2024 ஆகஸ்டில்தான் கிடைத்தது. ஏற்கெனவே சேதமடைந்த பிராசஸரை அந்தத் திருத்தத்தால் மீட்க முடியாது என்பதால் இன்டெல் உத்தரவாதக் காலத்தை மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஆறு மாதம் பொறுத்தவரும் இதில் சிக்கியிருப்பார். ஆனால் திருத்தம் வந்த பின் புதிதாக வாங்கி, முதல் நாளே பயாஸைப் புதுப்பித்தவரின் நிலை முற்றிலும் வேறு.

ஆகையால் இத்தனை மாதம் என்று கணக்கு வைத்துக் காத்திருப்பதைவிட, பிராசஸரும் அதற்கான சாக்கெட்டும் மதர்போர்டும் சேர்ந்த அந்தத் தளம் நிலைபெற்றுவிட்டதற்கான அடையாளங்களைத் தேடுவதே மேல். வாங்க எண்ணியுள்ள மதர்போர்டின் ஆதரவுப் பக்கத்தைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் திறந்து, பயாஸ் பட்டியலையும் அவை வெளியான தேதிகளையும் பாருங்கள். சில வாரங்களுக்கு ஒன்றாகப் புதிய பயாஸ் வந்துகொண்டிருந்தால், அவற்றில் பல பீட்டா (சோதனைப் பதிப்பு) என்ற குறிப்போடு இருந்தால், விளக்கத்தில் நிலைத்தன்மை, ரேம் ஒத்திசைவு என்ற சொற்கள் திரும்பத் திரும்பத் தென்பட்டால், அந்த போர்டு இன்னும் பக்குவப்படவில்லை. இடைவெளி மாதங்களாக நீண்டு, புதிய பிராசஸருக்கான ஆதரவும் பாதுகாப்புத் திருத்தங்களும் மட்டுமே பட்டியலில் சேரத் தொடங்கும்போது வாங்கலாம்.

2022 செப்டம்பரில் ரைசன் 7000 வரிசைக்கான ஏஎம்டியின் ஏஎம்5 தளம் வந்த புதிதில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புதிய ரேமைப் பொருத்தி முதன்முறை மின்சாரம் கொடுத்ததும், மதர்போர்டில் டிராம் என்று எழுதிய சிறு விளக்கு எரிய, திரை பல நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கும். பயாஸ் ரேமுக்கு ஏற்ற அமைப்பைச் சோதித்துத் தேடிக்கொண்டிருக்கும் நேரம் அது. அதை அறியாத பலர் போர்டு பழுது என்று நினைத்து இடையிலேயே மின்சாரத்தை நிறுத்தினார்கள். பின்னர் வந்த பயாஸ்கள் அந்த நேரத்தைக் குறைத்தன. ஆனால் காலம் தீர்க்காத வரம்புகளும் உண்டு: ரைசன் 7000இல் இரண்டு டிடிஆர்5 (புதிய வகை) ரேம் துண்டுகளுக்கு 5200 என்ற வேகம் அதிகாரபூர்வமானது, நான்கு பொருத்தினால் அது 3600ஆக இறங்கும். எனவே பிற்பாடு இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் குறைந்த கொள்ளளவுள்ள ரேமை வாங்கக் கூடாது.

செலவைக் கணக்கிடும்போது பிராசஸரின் விலையை மட்டும் எழுதுவது பெரும் பிழை. இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட்டிலிருந்து கோர் அல்ட்ராவின் எல்ஜிஏ1851க்கோ, ஏஎம்டியின் ஏஎம்4இலிருந்து ஏஎம்5க்கோ போகிறவர் மதர்போர்டையும் மாற்றியாக வேண்டும். கையில் இருப்பது பழைய வகையான டிடிஆர்4 என்றால் ரேமையும் மாற்ற வேண்டும். ஏஐ தரவு மையங்களின் தேவையால் 2025இன் இறுதி மாதங்களில் ரேம் விலை கடுமையாக ஏறியதைப் பார்த்தவர்களுக்கு இதன் கனம் புரியும். பிராசஸர் விலையோ பொதுவாகக் கீழே வரும். 2022 செப்டம்பரில் 699 டாலருக்கு வந்த ரைசன் 9 7950எக்ஸ், அந்த நவம்பர் முடிவதற்குள் 600 டாலருக்குக் கீழே கிடைத்தது.

பழைய சாக்கெட்டிலேயே இன்னொரு படி ஏற இடமிருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் போர்டைக் கழற்ற வேண்டாம். 2017இல் முதல் ரைசனோடு பயன்பாட்டுக்குப் பரவிய ஏஎம்4 சாக்கெட்டுக்கு 2022 ஏப்ரலில் 5800எக்ஸ்3டி என்ற ரைசன் பிராசஸர் வந்தது. விளையாட்டுகளில் அது தனக்குப் பின் வந்த தலைமுறையோடு போட்டியிட்டது. தொடக்க கால ரைசன் வைத்திருப்பவர் பயாஸைப் புதுப்பித்து 5000 வரிசையில் ஒன்றைப் பொருத்தினால், போர்டும் ரேமும் அப்படியே இருக்க, இன்னும் சில ஆண்டுகள் நிம்மதியாக ஓட்டலாம். என் கருத்தில், இந்த வழி திறந்திருப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த மேம்பாடு இல்லை. மென்பொருளும் சில சமயம் கைகொடுக்கும். 2024 ஆகஸ்டில் ரைசன் 9000க்காக விண்டோஸ் 11இல் செய்த ஒரு திருத்தம், 5000, 7000 வரிசைகளுக்கும் ஓரளவு வேகத்தைக் கூட்டியது.

தள்ளிப்போடக் கூடாத நிலைகளும் உள்ளன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய பிராசஸரில் வங்கிக் கணக்கையும் அலுவலகக் கோப்புகளையும் கையாள்பவர் தாமதிப்பது ஆபத்து. வீடியோ ரெண்டரிங் போன்ற வேலையில் ஒவ்வொரு மணி நேரமும் வருமானமாக இருப்பவரும் காத்திருக்கத் தேவையில்லை. இவர்கள்கூட அறிமுகமான வாரத்தின் புதுச் சரக்கைத் தேட வேண்டியதில்லை. முந்தைய தலைமுறையில் நிறைகுறைகள் தெரிந்த பிராசஸரையும், பல பயாஸ்களைக் கடந்து வந்த போர்டையும் தேர்ந்தெடுத்தால் போதும்.

வாங்கியதும் முதல் வேலையாகத் தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்து பீட்டா அல்லாத அண்மைய பயாஸை ஒரு பென் டிரைவில் எடுத்து ஏற்றிவிட்டு, அதன் பிறகே எக்ஸ்எம்பி அல்லது (ஏஎம்டி தளத்தில் அதே வேலையைச் செய்யும்) எக்ஸ்போ அமைப்பை இயக்கி, விண்டோஸை நிறுவ வேண்டும். பில்லையும், சீரியல் எண் அச்சிட்ட பிராசஸர் பெட்டியையும் உத்தரவாதக் காலம் முடியும்வரை எறியாமல் வைத்திருங்கள்.