வாரத்துக்கு ஒன்று போதும்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் பயான் (மார்க்க உரை) கேட்கிறோம். வெளியே வந்து செருப்பை மாட்டுவதற்குள் பாதி மறந்துவிடுகிறது. கேட்டதில் ஒன்றை மட்டும் எடுத்து, அந்த வாரம் முழுக்க அதையே செய்து பாருங்கள். குர்ஆனில் பத்து வசனங்கள் கற்றால், பொருள் அறிந்து அதன்படி நடக்கும்வரை அடுத்ததற்குப் போகமாட்டோம் என்று நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) சொன்ன வழிதான் இது.

எடுக்கும் விஷயம் நம் தொழிலோடு ஒட்டியதாக இருந்தால் நல்லது. எனக்கு ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம். அளவையில் குறைப்பவர்களைக் கண்டிக்கும் குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் பற்றி ஒரு வெள்ளிக்கிழமை பயான். மறுநாள் வெறும் சாக்கைத் தராசில் வைத்தேன். விவசாயியிடம் வாங்கும்போது சாக்குக்கென்று குத்துமதிப்பாக ஒரு கிலோ கழித்து வந்தோம். முக்கால் கிலோகூட இல்லை! நூறு மூட்டைக்கு என்ன ஆகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டதில் அன்று சோறு இறங்கவில்லை. அப்புறம் சாக்கை நிறுத்துத்தான் கழிக்கிறோம்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர்களுக்கு, வியர்வை உலருமுன் கூலி கொடுங்கள் என்ற ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. சனிக்கிழமைச் சம்பளத்தைத் திங்களுக்கு இழுக்காமல் ஆரம்பிக்கலாம்.

அந்த வார விஷயத்தை பில் புக் அட்டையில் எழுதிவிடுங்கள். டைரி எல்லாம் இரண்டு நாள்தான்.