கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிறு அருங்காட்சியகங்கள்: எந்தக் கிழமை, எந்த ஊர்?

சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை கடலோரமாகக் காரில் போய், வழியிலுள்ள அருங்காட்சியகங்களைப் பார்க்க நினைத்தால் முதலில் காலண்டரைப் பாருங்கள். தமிழக அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய், புதுச்சேரிக்குத் திங்கள். வெள்ளியன்று அரசு அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள்தான் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவார்கள்.

சனிக்கிழமை கிளம்பினால் இந்த விடுமுறைகள் எதுவும் இடிக்காது. காலை பத்து மணிக்குத் தட்சிணசித்ராவில் நுழையுங்கள். பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டிய இடம், நிறைய நடக்க வேண்டும். ஆனாலும் ஒரு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். இல்லையென்றால் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் நாலு மணிக்குள் நுழைய முடியாது. அங்கே நேரே, பக்கத்திலுள்ள பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைத்த பொருள்களிடம் போங்கள்: ரோமானிய மதுச்சாடித் துண்டுகள், மணிகள். 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டிய அரிக்கமேட்டுக்கே போனால் சுவர் மிச்சங்களைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. நேரம் குறைவென்றால் அதை விட்டுவிடலாம்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்பி கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகத் தரங்கம்பாடி போங்கள். சுமார் 120 கி.மீ., மூன்று மணி நேரம் வையுங்கள். இந்தப் பயணத்தில் அதிக நேரம் தர வேண்டிய ஊர் இதுதான். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, 1845இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. உள்ளே பீங்கான், ஆயுதங்கள், பழைய ஆவணங்களின் பிரதிகள் இருக்கின்றன. 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு வாழ்ந்த வீடும் நடக்கிற தூரத்தில்தான். அவருடைய தமிழ் அச்சுக்கூடத்தின் கதை அங்கே கிடைக்கும். இரண்டையும் பார்க்க மதியம் வரை ஆகும்.

கடலோர அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனி இருந்தால் அதன் நிறத்தைக் கவனியுங்கள். வழவழப்பான கரும்பச்சை படிந்திருந்தால் பயமில்லை, அது உலோகத்தைக் காக்கும் படலம். வெளிர்பச்சையாகப் பொடி உதிர்ந்தால் உப்பிலுள்ள குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்கிறது என்று பொருள். கையால் தடவிப் பார்க்காதீர்கள். வியர்வையிலும் உப்பு உண்டு.

படம் எடுக்கலாமா, தனிக் கட்டணம் உண்டா என்று டிக்கெட் வாங்கும்போதே கேளுங்கள். சில்லறை நோட்டாகக் கையில் இருக்கட்டும், எல்லா இடத்திலும் போனில் பணம் கட்ட முடியாது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் படமெடுக்கும்போது ஃபிளாஷை அணைத்து, லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகில் கொண்டுபோனால் பிரதிபலிப்பு விழாது. பொருளோடு சேர்த்து அதன் பெயர்ப்பலகையையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிடைத்த ஊர் அதில்தான் இருக்கும், வீட்டுக்கு வந்தபின் அது நினைவிருக்காது. அறை இருட்டாக இருந்தால் காவலரிடம் விளக்கைப் போடச் சொல்லலாம். ஆள் வராத நேரத்தில் அணைத்து வைத்திருப்பார்கள், கேட்டால் போடுவார்கள்.

நாகப்பட்டினத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் கிடைத்த முந்நூறுக்கும் மேற்பட்ட புத்தத் திருமேனிகளில் முக்கியமானவை பலவற்றைப் பார்க்கச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய வாரமே எழும்பூர் வெண்கலக் கூடத்தைப் பார்த்துவிட்டால் நாகையில் எதைத் தேடுகிறோம் என்பது தெரியும். இரவு வேளாங்கண்ணியில் தங்குவதானால் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேண்டாம். திருவிழாக் கூட்டத்தில் அறையும் கிடைக்காது, வண்டி நிறுத்த இடமும் கிடைக்காது.