எடை குறைய: அடுப்படியில் எவ்வளவு, நடையில் எவ்வளவு

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் விடிகாலையிலேயே நடக்க வந்துவிடுவார்கள். வண்டி விடாத நேரம், காற்றும் இதமாக இருக்கும். மாதக்கணக்கில் நடந்தும் எடை இறங்கவில்லையே என்று வருந்துகிறவர்களும் அவர்களில் உண்டு. கணக்குப் போட்டால் காரணம் புரியும். 70 கிலோ எடையுள்ளவர் 45 நிமிடம் விறுவிறுவென்று நடந்தால் கூடுதலாகச் செலவாவது சுமார் 150 கலோரி. திரும்பும் வழியில் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட பால் டீயும் சாப்பிட்டால் ஏறக்குறைய 200 கலோரி உள்ளே போய்விடும். நடந்தது வீண் இல்லை. இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை அளவுக்கும் அது நல்லதுதான். எடைக் கணக்கில் மட்டும் அன்றைக்கு 50 கலோரி வரவு.

எடையை இறக்குகிற வேலையைப் பெரும்பாலும் சாப்பாடு செய்கிறது. தசையைக் காப்பாற்றுவதும், இறங்கிய எடை திரும்ப ஏறாமல் பிடித்து வைப்பதும் உடற்பயிற்சியின் வேலை. ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. நாளுக்கு 500 குறைத்தால் வாரத்துக்கு அரை கிலோ இறங்கும். அந்த 500-ஐயும் நடந்தே தீர்க்க வேண்டுமானால் தினமும் இரண்டரை மணி நேரம் நடக்க வேண்டும். 350-ஐ சாப்பாட்டிலும் 150-ஐ நடையிலும் பிரித்துக்கொண்டால் பல மாதம் தாக்குப்பிடிக்கலாம்.

முதலில் எண்ணெயிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் யாருக்கும் தெரியாமலே அதிகமாகச் சேருவது அதுதான். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் எண்ணெய் தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 33 மி.லி., அதாவது சுமார் 270 கலோரி. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எல்லாம் இதில் ஒன்றுதான். செக்கில் ஆட்டியதும் அப்படித்தான். மாதத்துக்கு 2 லிட்டரை ஒரு டப்பாவில் தனியாக ஊற்றி வைத்து, அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். டப்பாவிலிருந்து வாணலியில் நேராகக் கவிழ்க்காமல் தேக்கரண்டியால் அளந்து ஊற்றினாலே பாதி வேலை முடிந்தது. ஆளுக்கு 135 கலோரி இங்கேயே மிச்சம்.

அடுத்தது சோறு. இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறியும் எடை குறையாதவர்கள் இதைப் பார்க்க வேண்டும். 35 கிராம் மாவில் இட்ட சப்பாத்தி 120 கலோரி, மேலே ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் 160. நான்கு சாப்பிட்டால் 640. 75 கிராம் அரிசி வெந்தால் 200 கிராமுக்கு மேல் சோறு கிடைக்கும், அது 260 கலோரிதான். கம்பும் கேழ்வரகும் நல்ல தானியங்கள். நார்ச்சத்தால் பசி தாங்கும். ஆனால் கலோரியில் அரிசிக்குப் பெரிதாகக் குறைந்தவை அல்ல, அளவில்லாமல் சாப்பிட்டால் எடை ஏறத்தான் செய்யும். எனவே தானியத்தை மாற்றுவதை விட அளப்பது முக்கியம். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, இரண்டு வாரம் அரிசியை வேகவைக்கும் முன் நிறுத்துப் பாருங்கள். பிறகு கண்ணே அளவு சொல்லிவிடும்.

சோற்றைக் குறைத்த இடத்தில் புரதம் வர வேண்டும், இல்லாவிட்டால் நான்கு மணிக்குப் பசி பஜ்ஜிக் கடைக்கு இழுக்கும். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் தேவை. கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. 150 கிராம் சங்கராவிலோ மத்தியிலோ 27 கிராமுக்குக் குறையாமல் கிடைக்கும். குழம்பாக வையுங்கள்; எண்ணெயில் மூழ்கப் பொரித்தால் கணக்கு கெட்டுவிடும். சைவமானால் பருப்பு, சுண்டல், தயிர். பண்ருட்டி முந்திரி சத்தானதுதான், ஆனால் ஒரு கைப்பிடி 30 கிராம் என்று வைத்தாலும் 170 கலோரி. எண்ணிச் சாப்பிடுங்கள். பிராந்தி, விஸ்கி போன்ற மது 60 மி.லி. எடுத்தால் 140 கலோரி, தொட்டுக்கொள்வது தனி.

இனி பயிற்சி. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது: நடையின் வேகத்துக்கு அதுவே அளவு. வாரத்துக்கு 150 நிமிடத்தில் தொடங்கி 300 வரை கொண்டுபோகலாம். சித்திரை, வைகாசியில் வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கடலூர் சில்வர் பீச்சில் அலை ஓரம் நடப்பவர்கள் கவனிக்க: ஈர மணல் கடல் பக்கம் சரிந்திருக்கும். ஒரே பக்கமாக நெடுந்தூரம் போனால் ஒரு முழங்காலுக்கு மட்டும் சுமை கூடும், ஆகவே போன தூரம் அதே ஓரமாகத் திரும்புங்கள். உலர்ந்த மணலில் முதல் நாளே அரை மணி நேரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

நடை மட்டும் போதாது. சாப்பாட்டைக் குறைத்து நடந்துகொண்டே இருந்தால் கொழுப்போடு தசையும் கரையும். வாரத்தில் இரண்டு நாள், இடைவெளி விட்டு, இதைச் செய்யுங்கள்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 10 முறை, சுவரில் கை வைத்துத் தண்டால் 10 முறை, 5 லிட்டர் தண்ணீர் கேனை இடுப்பு வரை இழுத்துத் தூக்குவது பக்கத்துக்கு 10 முறை. மூன்று சுற்று. சுலபமாக 15 வந்துவிட்டால் சுமையைக் கூட்டுங்கள்.

எடையைக் காலையில், கழிப்பறை போய்விட்டு, வெறும் வயிற்றில் பாருங்கள். ஏழு நாள் சராசரியைத்தான் நம்ப வேண்டும். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ கூடத் தெரியலாம், அது உப்பு பிடித்து வைத்த நீர். முதல் வாரம் வேகமாக இறங்குவதும் பெரும்பாலும் நீர்தான். மூன்று வாரம் சராசரி அசையாவிட்டால், அளவு நழுவியிருக்கிறதா என்று தராசில் சரிபாருங்கள். இல்லையென்றால் உடல் சிறுத்ததால் தேவையும் குறைந்திருக்கும். அரிசியில் 25 கிராம் குறைத்தால் மறுபடி நகரும். தொடர்ந்து வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் இறங்கினால் சாப்பாட்டைக் கூட்டுங்கள், அவ்வளவு வேகமாக இறங்கினால் பித்தப்பைக் கல்லும் முடி உதிர்வும் வரலாம்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் கேட்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.