ரக் பெனால்ட்டிக்குக் கத்துவதற்கு முன்

எங்கள் கிளப்பின் ரக்பி ஆட்டம். எதிரணி ஆள் பந்தோடு விழுந்ததும் எங்கள் ஏழாம் நம்பர்தான் பந்தில் முதலில் கை வைத்தார். பெனால்ட்டியோ அவர் மேலேயே! ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருந்தபோது வந்த அந்த விசிலால் இரண்டு புள்ளியில் தோற்றோம். கோட்டோரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் நின்றவர் ஒரு காலத்தில் நடுவராக ஓடியவர். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, முழங்கை எங்க இருந்துச்சு, பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. நான் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ செல்போனில் எடுத்த காட்சியை அன்று இரவு நான்கு முறை ஓட்டினேன். முழங்கை பந்தைத் தாண்டித் தரையில் ஊன்றியிருந்தது. சரி, பெனால்ட்டிதான்.

பிரேக்டவுனை, அதாவது பந்தோடு ஓடியவர் விழுந்ததும் பந்துக்காக நடக்கும் போராட்டத்தை, பார்க்கப் பழகவேண்டுமென்றால் முதல் வேலை, பந்திலிருந்து கண்ணை எடுப்பது. டேக்கிள் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துவது) விழுந்ததும் டேக்கிள் செய்தவரைப் பாருங்கள். பிடியை உடனே விட்டாரா? உருண்டு விலகினாரா? ஸ்க்ரம்-ஹாஃப் (அங்கிருந்து பந்தை எடுத்துப் பாஸ் செய்பவர்) பந்தை எடுக்கவேண்டிய பக்கமாகவே சோம்பலாக உருளுகிறவர்கள் நிறையப் பேர். அது தற்செயல் மாதிரி தெரியும், பெரும்பாலும் அப்படி இல்லை. அடுத்து, விழுந்தவர். பந்தைப் பாஸ் செய்யலாம், பின்பக்கம் வைக்கலாம், விட்டுவிடலாம். மார்போடு அணைத்துக்கொண்டு படுத்திருக்கக் கூடாது.

மூன்றாவது ஆள்தான் சண்டைக்கெல்லாம் காரணம்: பந்தைப் பறிக்கக் குனியும் ஜாக்லர். நியூசிலாந்தின் ரிச்சி மெக்காவும் ஆஸ்திரேலியாவின் டேவிட் போகாக்கும் பெயர் வாங்கிய வேலை இது. இவரிடம் இரண்டு கேள்வி போதும். தன் உடல் எடையைத் தன் கால்களே தாங்குகின்றனவா? கையோ முழங்கையோ தரையில் இருந்தால் இல்லை என்று அர்த்தம். கேட் வழியாக வந்தாரா? விழுந்து கிடக்கும் இருவரின் உடல்கள் எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் வாசல். தன் அணிப் பக்கமிருந்து அந்த வாசலுக்குள் வரவேண்டும், பக்கவாட்டில் நுழைந்தால் பெனால்ட்டி. கடைசியாக, ஜாக்லரைத் தள்ள வருகிறவர்: கையால் அணைத்துத் தள்ளினாரா, வெறும் தோளால் இடித்தாரா, தலையிலோ கழுத்திலோ பட்டதா என்று பாருங்கள்.

இவ்வளவும் மூன்று நான்கு விநாடிக்குள் நடந்து முடிந்துவிடும். நான்கு பேரையும் ஒரே நேரத்தில் பார்க்க யாராலும் ஆகாது. நான் செய்வது இது: முதல் பத்து நிமிடம் இரு அணியிலும் டேக்கிள் செய்பவர்களை மட்டும் பார்ப்பேன். அடுத்த பத்து நிமிடம் ஜாக்லர்களை மட்டும். அதற்குள் அன்றைய நடுவர் எதை விடமாட்டார், எதைக் கண்டுகொள்ளமாட்டார் என்று பிடிபட்டுவிடும். கிளப் ஆட்டத்தில் அவருக்கு வீடியோ நடுவர் கிடையாது. ரக்கின், அதாவது தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் நின்று தள்ளும் கூட்டத்தின், எந்தப் பக்கம் நிற்கிறாரோ அந்தப் பக்கம்தான் தெரியும். நாம் நிற்கும் இடத்திலிருந்து தெரிந்தது அவருக்குத் தெரியாமலே போயிருக்கலாம். அவருக்குத் தெரிந்தது நமக்கும் அப்படித்தான்.

விசில் அடித்ததும் கத்தாமல் அவர் கையைப் பாருங்கள். இரண்டு கைகளையும் மார்போடு அணைத்துக் காட்டினால், விழுந்தவர் பந்தை விடவில்லை. விரலால் வட்டம் போட்டபடி கையை வெளியே நகர்த்தினால், டேக்கிள் செய்தவர் விலகவில்லை. கையைக் கிடையாக வைத்து அரைவட்டம் சுழற்றினால், தப்பான பக்கத்திலிருந்து நுழைந்திருக்கிறார்கள். தரையைக் கூட்டிப் பெருக்குவதுபோல் கையை ஆட்டினால், ரக்கில் கை வைத்த குற்றம். இந்த நான்கு தெரிந்தாலே பாதிச் சண்டை குறைந்துவிடும்.

மீதிச் சண்டைக்குக் காரணம் வேறு. ஒவ்வொருவர் தலையிலும் ஒவ்வொரு வருடத்துச் சட்டம் இருக்கிறது. யாராவது 'இது எப்படிப் பெனால்ட்டி?' என்று குதித்தால், அவர் விளையாடியதையோ ஒழுங்காகப் பார்த்ததையோ எப்போது நிறுத்தினார் என்று மெதுவாகக் கேளுங்கள். முன்பு டேக்கிள் செய்தவர் எழுந்து நின்றால் எந்தப் பக்கமிருந்தும் பந்தை எடுக்கலாம். 2018 வாக்கில் அது போய்விட்டது. அவரும் தன் பக்கமிருந்துதான் வரவேண்டும். ஆஃப்சைடு கோடு (அதற்குப் பின்னால்தான் மற்றவர்கள் நிற்கவேண்டும்) விழ இரு அணியிலும் ஒவ்வொருவர் வேண்டும் என்பதும் அப்போதுதான் மாறியது; பந்துக்கு மேல் ஒருவர் நின்றாலே கோடு விழுந்துவிடும்.

2020ல் நடந்ததுதான் நிறையப் பேரைக் குழப்பியது. அப்போது சட்டம் மாறவில்லை, இருந்த சட்டத்தை இறுக்கிப் பிடிக்கும்படி நடுவர்களுக்கு வழிகாட்டுதல் வந்தது. விழுந்தவருக்கு ஒரே ஒரு அசைவு. அதற்குமேல் ஊர்ந்தால் பெனால்ட்டி. ஜாக்லர் பந்தைத் தூக்க முயன்றாலே போதும், எதிராளி வந்து மோதுவதைத் தாங்கி நிற்கவேண்டியதில்லை. அதற்கு முன்பு சில நடுவர்கள் அந்த மோதலுக்காகவே காத்திருந்தார்கள், ஜாக்லர்களின் கழுத்துதான் பாவம். அப்புறம் கீழே காலைக் குறிவைத்துத் தள்ளுவதற்கும், மூன்று பேர் முன்கூட்டியே பிணைந்துகொண்டு பந்தோடு மோதுவதற்கும் தடை வந்தது. 2024 ஜூலை 1 முதல் முதலை உருட்டலும் போனது, அதாவது நிற்கும் ஜாக்லரைக் கட்டிப்பிடித்துத் தரையில் உருட்டிப்போடுவது. என்னைக் கேட்டால் பத்து வருடம் தாமதம்.

கிளப் ஆட்டத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. டிவியில் பார்த்த எல்லாச் சட்டமும் இங்கே செல்லாது. உதாரணமாக, இங்கிலாந்தில் 2023லிருந்து கிளப் மட்டத்தில் மார்பெலும்பின் அடிப்பகுதிக்கு மேலே டேக்கிள் செய்யக் கூடாது. பிரான்சில் அதற்கும் முன்பே இடுப்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். டேக்கிள் கீழே இறங்கினால் செய்தவரும் தரையில்தான் கிடப்பார், அவர் விலகினாரா என்ற கேள்வி கூடுதலாக வரும். ஆகவே சீசன் தொடங்கும்போது உங்கள் சங்கத்தின் அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள். இரண்டு பக்கம்தான் இருக்கும், யாரும் படிப்பதில்லை.

'யூஸ் இட்' (பந்தை வெளியே எடு) என்று நடுவர் சொன்னால் ஐந்து விநாடி எண்ணுங்கள். தாண்டினால் எதிரணிக்கு ஸ்க்ரம் (இரு அணியும் பிணைந்து தள்ளி ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குவது). இதில் வாதாட ஒன்றுமில்லை, ஆனால் கூட்டமாகச் சத்தம் போட்டு எண்ணுவது சுகமாக இருக்கும்.

போன வாரம் அதே பெரியவர் என் பக்கத்தில் நின்றார். எதிரணியின் டேக்கிள் செய்தவர் எழுந்து நேராகப் பந்தில் கை வைத்தார், விசில். "எந்திரிச்சு நின்னுட்டானே, எந்தப் பக்கம் வந்தா என்ன?" என்று இவர் கத்தினார். "அண்ணே, அது 2018க்கு முன்னாடி" என்றேன். என்னை ஒருமுறை பார்த்தார், கையைக் கட்டிக்கொண்டார். அடுத்த மூன்று ரக்கும் வாயே திறக்கவில்லை.