விமான நிலைய மழைநீர் மாசுத் தடுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமானங்கள் நிற்கும் தளத்தில் ஆங்காங்கே இரும்புக் கம்பிச் சட்டம் போட்ட வடிகால்கள் இருக்கும். அதில் ஊற்றுவது எங்கே போகிறது என்று அங்கே வேலை பார்ப்பவர்களிடம் கேட்டால், "கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு" என்று நம்பிச் சொல்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் பிராந்திய விமான நிலையங்கள் பலவற்றில் நிலைமை அப்படி இல்லை. அந்தக் குழாய் வேலிக்கு வெளியே ஓடும் ஓடையில் போய் நேராகத் திறக்கிறது. நடுவில் சுத்திகரிப்பு எதுவும் கிடையாது. மழைநீர் மாசுத் தடுப்பில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்று தெரியாததால்தான் நடக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. வாளியையும் குழாயையும் பிடித்திருப்பவருக்குத் தண்ணீர் போகும் வழி தெரியாவிட்டால், அலுவலகத்தில் எவ்வளவு நல்ல திட்டம் இருந்தும் பயனில்லை.

சட்டப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தில் 1987இல் செய்த திருத்தம், தொழில் நடக்கும் இடங்களிலிருந்து வெளியேறும் மழைநீரையும் அனுமதி முறைக்குள் கொண்டுவந்தது. விமான நிலையங்களும் அதில் அடங்கும். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈபிஏ 2021இல் வெளியிட்ட பொது அனுமதியில் விமானப் போக்குவரத்துக்கு 'எஸ்' என்று தனிப் பிரிவே இருக்கிறது. ஆனால் பெரும்பாலான மாநிலங்கள் அனுமதியைத் தாங்களே வழங்குகின்றன. அனுமதி பற்றிக் கீழே வரும் எண்கள் ஈபிஏ ஆவணங்களில் உள்ளவை. உங்கள் மாநில அனுமதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம் என்பதால் அதையும் எடுத்துப் படியுங்கள்.

வரைபடத்தை அப்படியே நம்புவது

எழுபதுகளில் கட்டிய ஹேங்கர் எனும் விமானக் கொட்டகை, தொண்ணூறுகளில் நீட்டிய தளம், போன வருடம் போட்ட புது எரிபொருள் தொட்டி. இவை எல்லாம் ஒரே வரைபடத்தில் சரியாக ஏறியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. குறிப்பாகப் பழைய ஹேங்கர்களின் தரை வடிகால்களைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். காகிதத்தில் பாதாளச் சாக்கடையோடு சேர்ந்திருக்கும். மண்ணுக்கடியில் மழைநீர்க் குழாயோடு சேர்ந்திருக்கும். சாயம் கலந்த தண்ணீரை ஊற்றி, அது எந்தக் குழாய் வழியாக வெளியே வருகிறது என்று ஓர் ஆளை நிறுத்திப் பார்த்தால் அரை நாளில் விடை கிடைத்துவிடும். முன்கூட்டியே மாநில அதிகாரிகளிடம் தகவல் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இல்லையென்றால் ஓடை நிறம் மாறியதைப் பார்த்து யாராவது புகார் செய்வார்கள்.

"அது குத்தகைக்காரர் பாடு" என்று விடுவது

விமான நிலையத்தில் மாசு உண்டாக்கும் வேலைகளில் பெரும்பகுதியை நிலைய நிர்வாகம் செய்வதில்லை. விமான நிறுவனங்கள், எரிபொருள் நிரப்புபவர்கள், பழுதுபார்க்கும் பட்டறைகள், வாடகைக் கார் நிறுவனங்கள் என்று பல குத்தகைக்காரர்கள் செய்கிறார்கள். மழைக்கு அந்தக் குத்தகை எல்லை தெரியாது. நாலு பேர் இடத்தில் விழுந்த தண்ணீர் ஒரே குழாயில்தான் வெளியே வருகிறது. ஆய்வாளர் வந்து அந்தக் குழாய் முனையில் எண்ணெய்ப் படலத்தைக் கண்டால், முதலில் நிர்வாகத்திடம்தான் கேட்பார்.

ஆகவே யார் தனி அனுமதி வாங்கியிருக்கிறார்கள், யார் நிலையத்தின் அனுமதிக்குள் வருகிறார்கள் என்பதை உங்கள் மழைநீர் மாசுத் தடுப்புத் திட்டத்தில் பெயர் போட்டு எழுதுங்கள். எந்த வடிகாலைச் சுத்தம் செய்வது யார் வேலை என்பதும் அதில் இருக்கட்டும். குத்தகை ஒப்பந்தத்திலேயே இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கும் நிலையங்களில் பாதிச் சண்டை குறைகிறது.

பனி நீக்கும் திரவம்: அளவு குறைவு என்ற நிம்மதி

இதை விரிவாகச் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் இறக்கையில் படியும் பனியை நீக்க, கிளைக்கால் என்ற உறைதடுப்பு வேதிப்பொருள் கலந்த திரவத்தைச் சூடாக்கித் தெளிக்கிறார்கள். முதல் வகைத் திரவம் ஆரஞ்சு நிறம். மறுபடி பனி ஒட்டாமலிருக்கப் பூசும் நான்காம் வகை பச்சை. இப்போது அதிகம் புழங்குவது புரோப்பிலீன் கிளைக்கால். எத்திலீன் கிளைக்கால் அளவுக்கு அதில் நச்சு இல்லை. அதனாலேயே "இது ஆபத்தில்லாதது" என்ற பேச்சு பரவிவிட்டது.

ஓடையில் அது செய்யும் கெடுதல் வேறு விதமானது. நுண்ணுயிர்கள் கிளைக்காலைத் தின்னும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. 1 கிலோ புரோப்பிலீன் கிளைக்கால் முழுதாகச் சிதைய ஏறக்குறைய 1.7 கிலோ ஆக்சிஜன் வேண்டும். உறைநிலைக்கு அருகில் இருக்கும் நல்ல தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 14 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜன் கரைந்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கலப்பில்லாத கிளைக்கால் ஒரு லிட்டர், ஒரு லட்சத்து இருபதாயிரம் லிட்டர் ஓடைத் தண்ணீரின் ஆக்சிஜனைக் காலி செய்யும் வல்லமை உடையது. ஒரு விமானத்துக்கு எத்தனை லிட்டர் தெளிக்கிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், சிறிய ஓடையில் மீன் செத்து மிதப்பது ஏன் என்று புரிந்துவிடும்.

இங்கே பிராந்திய நிலையங்கள் செய்யும் பெரிய தவறு, வரம்பைத் தப்பாகப் படிப்பது. ஆண்டுக்கு 1,00,000 கேலன் தூய கிளைக்கால் அல்லது ஓடுபாதைப் பனியை உருக்க 100 டன் யூரியா பயன்படுத்தும் நிலையங்கள்தான் ஆக்சிஜன் தேவை, அம்மோனியா போன்றவற்றை அளந்து, குறித்த அளவுகளோடு ஒப்பிட வேண்டும் என்கிறது 2021 அனுமதி. "நாம் அந்த அளவுக்குக் கிட்டவே இல்லை" என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். வரம்புக்குக் கீழே இருந்தால் அந்த அளவெடுப்பு மட்டும்தான் விலகுகிறது. தெளிக்கும் இடத்தைக் கட்டுப்படுத்துவது, வழிந்ததைச் சேகரிப்பது, எவ்வளவு பயன்படுத்தினோம் என்று பதிவு வைப்பது, பனிக்காலத்தில் மாதம் ஒரு முறையாவது ஆய்வு செய்வது ஆகிய எல்லாக் கடமைகளும் அப்படியே நிற்கின்றன.

இன்னொன்று, தள்ளிய பனிக் குவியல். கிளைக்கால் ஊறிய பனியை வண்டியால் தள்ளி, வசதியான ஒரு மூலையில் குவிப்பார்கள். அந்த மூலை வடிகாலுக்கு மேலேயே இருந்தால், தெளித்த அன்று பிடிக்காமல் விட்டதெல்லாம் மார்ச்சிலோ ஏப்ரலிலோ வெயில் வந்ததும் மொத்தமாக இறங்கும். அப்போது யாரும் பனி நீக்கத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். குவிக்கும் இடத்தைப் பனிக்காலம் தொடங்குமுன்பே வரைபடத்தில் குறித்துவிடுங்கள். பனி பெய்யும் பகுதிகளில் ஆண்டுக்கு ஒரு காட்சி மதிப்பீடாவது (வெளியேறும் நீரின் மாதிரியைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவது) பனி உருகி ஓடும் நேரத்தில் எடுக்க வேண்டும் என்று அனுமதி சொல்வதும் இதற்காகத்தான்.

ஓடுபாதையில் யூரியா தூவும் பழக்கம் இன்னும் இருந்தால் கைவிட வேண்டிய நேரம் இது. யூரியா சிதைந்து அம்மோனியா ஆகிறது. 2012இல் வந்த விதியின்படி, ஆண்டுக்கு 1,000 அல்லது அதற்கு மேற்பட்ட ஜெட் புறப்பாடுகள் உள்ள முதன்மை விமான நிலையங்கள், யூரியா கலந்த பொருளைப் பயன்படுத்தவில்லை என்று சான்றளிக்க வேண்டும். இல்லையேல் அம்மோனியா வரம்புக்குள் இருப்பதை அளந்து காட்ட வேண்டும். பொட்டாசியம் அசிடேட்டும் சோடியம் ஃபார்மேட்டும் மாற்றாகக் கிடைக்கின்றன. அவற்றுக்கும் ஆக்சிஜன் தேவை உண்டு என்பதால் அள்ளித் தூவ வேண்டாம்.

சிறு சிந்தல்களைக் கண்டுகொள்ளாதது

புறப்படுமுன் சிறிய விமானத்தின் இறக்கைத் தொட்டியிலிருந்து விமானி கொஞ்சம் எரிபொருளை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடிப்பார். தண்ணீர் கலந்திருக்கிறதா, நிறம் சரிதானா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பாதுகாப்புக்கு அது அவசியம். பார்த்து முடித்ததும் சிலர் கையை வீசித் தளத்தில் ஊற்றிவிடுகிறார்கள். அந்த நீல நிறப் பெட்ரோல், 100எல்எல், ஈயம் கலந்தது. ஆவியாகிவிடும் என்ற சமாதானம் அந்த ஈயத்துக்குப் பொருந்தாது. விமானங்கள் நிற்கும் வரிசையின் ஓரத்தில் மூடி போட்ட சேகரிப்புக் கலன் ஒன்றை வைத்து, அது எங்கே இருக்கிறது என்று அறிவிப்புப் பலகையும் வைத்தால் போதும். கலன் இருநூறு அடி தள்ளி இருந்தால் யாரும் நடந்து போக மாட்டார்கள். விமானத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

விமானம் கழுவும் தண்ணீரும் அப்படித்தான். அது மழைநீரே அல்ல. சோப்பும் கிரீஸும் உலோகத் துகளும் கலந்த கழிவுநீர். அதை மழைநீர் வடிகாலில் விட அனுமதி இடம் தருவதில்லை. "எண்ணெய் பிரிக்கும் தொட்டி இருக்கிறதே" என்பார்கள். அந்தத் தொட்டி மேலே மிதக்கும் எண்ணெயைத்தான் பிடிக்கும். சோப்பு எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கிவிடுவதால் தொட்டியைத் தாண்டிப் போய்விடும். கரைந்த கிளைக்காலும் அதில் நிற்காது. வண்டலை அள்ளாமல் விட்ட தொட்டியோ அடுத்த பெருமழையில் பழைய அழுக்கையும் சேர்த்து வெளியே தள்ளும்.

நல்ல வெயில் நாளில் ஆய்வுக்குப் போவது

காட்சி மதிப்பீட்டுக்காக வெளியேறும் மழைநீரின் மாதிரியை எடுக்க மழையில் நனைய வேண்டும் என்பதால் அதைத் தட்டிக்கழிக்கிறார்கள். காலாண்டுக்கு ஒரு முறை, தண்ணீர் வெளியேறத் தொடங்கிய முதல் 30 நிமிடத்துக்குள் எடுப்பது விதி. முந்தைய மழை முடிந்து 72 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். தளத்தில் சேர்ந்த அழுக்கை முதல் தண்ணீர்தான் கழுவிக்கொண்டு வருகிறது. இரண்டு மணி நேரம் கழித்துப் பிடித்த தெளிந்த நீர் உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. அரை மணிக்குள் முடியவில்லையென்றால், முடிந்தவரை சீக்கிரம் எடுத்துவிட்டுக் காரணத்தை எழுதி வையுங்கள்.

மாதிரியை நிறமற்ற, சுத்தமான கண்ணாடிக் குடுவையில் பிடித்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நிறம், வாடை, தெளிவு, மிதப்பது, அடியில் தங்குவது, நுரை, மேலே வானவில் போலப் படரும் எண்ணெய். இனிப்பான வாடை வந்தால் கிளைக்காலைச் சந்தேகியுங்கள். ஏதாவது தப்பாகத் தெரிந்தால் அன்றே நடவடிக்கையைத் தொடங்க வேண்டும். நிரந்தரத் தீர்வு தேவைப்பட்டால் 14 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது பொது விதி. அந்தக் காலாண்டில் மழையே இல்லையென்றால் அதையும் பதிவு செய்யுங்கள். வெற்றுப் பக்கத்தைப் பார்க்கும் ஆய்வாளர், நீங்கள் போகவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

நுரையும் குளமும்

தீயணைப்பு வண்டியைச் சோதிக்க நுரையைப் புல்வெளியில் பீய்ச்சிய பழக்கத்தால், பல நிலையங்களின் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் பிஃபாஸ் எனும் ஃப்ளோரின் கலந்த செயற்கைச் சேர்மங்கள் ஏறியிருக்கின்றன. அவை எளிதில் சிதையாதவை. நுரை வெளியே வராமலே கலவை விகிதத்தைச் சரிபார்க்கும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. ஃப்ளோரின் இல்லாத நுரைக்கான ராணுவத் தரநிர்ணயமும் 2023 ஜனவரியில் வந்துவிட்டது. புது நுரைக்கு மாறும்போது பலர் மறப்பது, பழைய தொட்டியைக் கழுவிய தண்ணீர். பிஃபாஸ் அதில்தான் இருக்கிறது. தனியாகப் பிடித்து, உரிய முறையில் அப்புறப்படுத்த வேண்டும்.

மழைநீரைத் தேக்கிச் சுத்தம் செய்யக் குளம் வெட்டுவது மற்ற இடங்களில் நல்ல யோசனை. விமான நிலையத்தில் வாத்தும் கொக்கும் வந்து சேரும். விமானத்தோடு பறவை மோதும் ஆபத்து கூடும். வடிவமைப்பு மழைக்குப் பின் (குளத்தை வடிவமைக்கக் கணக்கில் எடுத்த மழை) 48 மணி நேரத்துக்குள் குளம் வற்றிவிட வேண்டும் என்று விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ பரிந்துரைக்கிறது. வேறு இடத்துக்கு வரைந்த குளத்தின் வடிவமைப்பை அப்படியே எடுத்துவந்து ஓடுபாதைக்குப் பக்கத்தில் வெட்டாதீர்கள்.

இரவு வேலைக்காரர்களை விட்டுவிடுவது

பயிற்சி பகல் பத்து மணிக்கு நடக்கிறது. எரிபொருள் சிந்துவது அதிகாலை நாலு மணிக்கும் நடக்கலாம். அப்போது வடிகாலின் அடைப்பு வால்வு எங்கே, அதன் சாவி யாரிடம், உறிஞ்சும் பொருள் எந்த அலமாரியில் என்று தெரிய வேண்டியவர் அந்த நேரத்தில் தளத்தில் நிற்பவர். அவர் பகல் வகுப்புக்கு வந்திருக்கவே மாட்டார். வேலைமாற்றம் நடக்கும் பத்து நிமிடத்தில், வால்வுக்குப் பக்கத்திலேயே அவரை நிறுத்தி ஒரு முறை மூடித் திறக்கச் சொல்லுங்கள். துருப்பிடித்து நகராத வால்வாக இருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும்.