ஸ்கோப்புக்கும் ஆப்பரேஷனுக்கும் நடுவில்: குடல் புற்றுநோயில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

"அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க மிஸ்ஸி. மூலம்னுதான் சொல்லி வச்சிருக்கோம்."

பினாங்கில் அறுவைச் சிகிச்சை வார்டில் தாதியாக வேலை பார்த்த காலத்தில் இதை நான் கேட்காத மாதம் இல்லை. சொல்பவர் அநேகமாக மூத்த மகன். வார்டு வாசலில் வைத்து, குரலைத் தாழ்த்திச் சொல்வார். அப்படி வந்த ஒரு பெரியவர் இன்னும் நினைவில் இருக்கிறார். டாக்டர் மலாயில் பத்து நிமிடம் விளக்கியதை மகன், "சின்ன ஆப்பரேஷன்தாம்ப்பா, கட்டியை எடுத்துடுவாங்க" என்று ஒரே வரியில் தமிழாக்கினார். பெரியவர் கையெழுத்துப் போட்டார். மயக்கம் தெளிந்து வயிற்றைத் தடவிப் பார்த்தால் அங்கே மலம் சேரும் ஒரு பை ஒட்டியிருந்தது. மூன்று நாள் மகனோடு பேசவில்லை. பை மாற்றக் கற்றுக்கொள்ளவும் மறுத்துவிட்டார். கடைசிவரை மருமகள்தான் மாற்றினார்.

மகன் கெட்டவர் அல்ல, பயந்தவர். ஆனால் உடம்பு அப்பாவுடையது. கீமோ, கதிர்வீச்சு, பை, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி அலைச்சல் என்று எல்லாவற்றையும் தாங்கப்போகிறவர் அவர்தான். மலாயோ ஆங்கிலமோ சரியாகப் புரியாதவர் என்றால், தமிழ் பேசும் டாக்டரோ தாதியோ நேரடியாக அவருக்கே விளக்கட்டும் என்று கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் யாராவது இருப்பார்கள். பிள்ளைகள் மொழிபெயர்த்தால் பாசம் நடுவில் புகுந்து பாதியைத் தின்றுவிடும்.

மலேசியாவில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் குடல் புற்றுநோய்தான். கண்டுபிடிக்கும்போது பத்தில் ஏழு பேருக்கு மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்துக்குப் போயிருக்கிறது. "மலத்தில் ரத்தமா, மூலமாத்தான் இருக்கும்" என்று மாதக்கணக்கில் களிம்பு தடவுவதும் அதற்கு ஒரு காரணம். அதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி: குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் ஸ்கோப்பில் கட்டி தெரிந்துவிட்டது, சதைத் துணுக்கு (பயாப்ஸி) முடிவும் வந்துவிட்டது. அந்தச் சில வாரங்களில் வீட்டுக் கூடத்தில் எடுக்கும் முடிவுகளில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

"உடனே வெட்டி எடுங்க"

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கட்டி எங்கே இருக்கிறது என்பது. பெருங்குடலிலா, அல்லது ஆசனவாய்க்கு மேலே கடைசி 15 சென்டிமீட்டர் அளவுள்ள மலக்குடலிலா? நம்மவர்கள் இரண்டையும் "குடல் கேன்சர்" என்று ஒரே பேரில் சொல்கிறோம். சிகிச்சையின் வரிசையே இரண்டுக்கும் வேறு.

பெருங்குடல் என்றால் பெரும்பாலும் ஆப்பரேஷன் முதலில், தேவைப்பட்டால் கீமோ பிறகு. மலக்குடல் குறுகிய இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இருக்கிறது. சிறுநீர்ப்பை, பாலுறவுக்கான நரம்புகள், மலத்தை அடக்கும் தசை எல்லாம் பக்கத்திலேயே. கட்டி குடல் சுவரைத் தாண்டியிருந்தாலோ நிணநீர்க் கணுக்களைத் தொட்டிருந்தாலோ பல நேரங்களில் முதலில் கதிர்வீச்சு கொடுப்பார்கள். அது 5 நாள் குறுகிய முறையாக இருக்கலாம், அல்லது கீமோ மாத்திரையோடு ஐந்தாறு வாரம் போகும் நீண்ட முறையாக இருக்கலாம். அதன்பின் கட்டி சுருங்கப் பல வாரம் காத்திருந்துதான் ஆப்பரேஷன். எந்த வழி என்று சொல்வது இடுப்புப் பகுதியின் எம்.ஆர்.ஐ. படம். மலக்குடல் கட்டி என்று சொல்லிவிட்டு எம்.ஆர்.ஐ. இல்லாமலே ஆப்பரேஷன் தேதி கொடுத்தால், அவசர நிலை இல்லாத பட்சத்தில், ஏன் என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

அந்தக் காத்திருப்புதான் குடும்பத்தை ஆட்டிவைக்கும். "சும்மா போட்டு வச்சிருக்காங்க, பிரைவேட்டுக்குப் போயிடலாம்" என்று மாமா ஒருவர் ஆரம்பிப்பார். கதிர்வீச்சு முடிந்த பிறகும் கட்டி சுருங்கிக்கொண்டேதான் இருக்கும். சிலருக்கு முழுவதுமாக மறைந்தே போகும். அப்படி மறைந்தால் ஆப்பரேஷன் செய்யாமல் கண்காணிக்கும் வழியும் இன்று உண்டு. ஆனால் அவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இரண்டு ஆண்டுக்குள் கட்டி அதே இடத்தில் திரும்ப வருகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் சோதனைக்கு வர முடியாதவர் அந்த வழியை எடுக்கக் கூடாது. இதில் நான் கண்டிப்பானவள்.

இன்னொரு கேள்வியும் உண்டு: சதைத் துணுக்கில் எம்.எம்.ஆர். சோதனை செய்தார்களா? மரபணுப் பழுது பார்க்கும் புரதம் குறைந்த கட்டிகள் ஒரு சிறு பங்குதான். ஆனால் 2022-இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை, அப்படிப்பட்ட மலக்குடல் கட்டியுள்ள 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து கொடுத்தது. பன்னிரண்டு பேருக்கும் கட்டி மறைந்தது. மருந்து விலை பயங்கரம், எல்லாருக்கும் பொருந்தவும் பொருந்தாது. ஆனால் வெட்டி எடுத்த பிறகு இந்தச் சோதனை முடிவு வந்தால் அந்த வாசல் பாதி மூடியிருக்கும்.

இத்தனைக்கும் விதிவிலக்கு அடைப்பு. வயிறு உப்பி, காற்றும் பிரியாமல், வாந்தியும் வந்தால் அன்றே அவசரப் பிரிவு. பேதி மாத்திரை போட்டுச் சமாளிக்காதீர்கள், குடல் வெடிக்கும்.

இலைச் சாறு

துரியான் பெலாண்டா (முள்சீத்தா) இலை என்று வாட்ஸ்அப்பில் வராத வீடு இல்லை. அந்த இலையால் மனிதரில் குடல் புற்றுநோய் குணமானதற்கு ஆதாரம் கிடையாது. காசு போனால் போகட்டும், நாள் போவதுதான் நட்டம். இரண்டு மூன்று வாரம் யோசிக்கலாம், இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம். நாலு மாதம் சாறு குடித்துவிட்டுக் குடல் அடைத்த நிலையில் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்போது சிறு துளை போட்டுச் செய்யும் சாவித்துவார ஆப்பரேஷன் இல்லை, நடுராத்திரியில் திறந்த வயிறு. எதையாவது குடித்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

பை

"பை வைக்கிறதா இருந்தா எனக்கு ஆப்பரேஷனே வேணாம்." குணமாகக்கூடிய கட்டியோடு வீட்டுக்குத் திரும்பிப் போனவர்கள் உண்டு. பலருக்கு அது தற்காலிகம். கீழே தைத்த இடம் ஆறும்வரை சிறுகுடலை வெளியே திருப்பி வைத்து, சில மாதம் கழித்து மூடுவார்கள். கட்டி ஆசனவாய்த் தசையையே பிடித்திருந்தால்தான் பெரும்பாலும் நிரந்தரம்.

இதன் மறுபக்கத்தை யாரும் சொல்வதில்லை. என்ன ஆனாலும் வெட்டிய குடலை மறுபடி ஒட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, பிறகு நாளுக்குப் பத்து முறை கழிவறைக்கு ஓடி, கோப்பிக்கடைக்குக்கூடப் போக முடியாமல் வீட்டில் முடங்கியவர்களும் இருக்கிறார்கள். ஏற்கெனவே அடக்கும் தசை தளர்ந்த வயதானவருக்கு நல்ல இடத்தில் வைத்த பையே நிம்மதி. இது என் கருத்து. உங்கள் சர்ஜனிடம் கேட்டுப் பாருங்கள்.

நல்ல இடம் என்றேனே, அதுதான் முக்கியம். ஆப்பரேஷனுக்கு முன்பே ஸ்டோமா தாதி (பை பராமரிப்பைக் கவனிக்கும் தாதி) பேனாவால் வயிற்றில் இடம் குறிக்க வேண்டும். படுக்கவைத்து மட்டும் குறித்தால் போதாது. உட்காரச் சொல்லி, குனியச் சொல்லி, நிற்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். உட்காரும்போது மடியும் தொப்பை மடிப்பில் பை நிற்காது. வேட்டியோ சாரோங்கோ கட்டுகிறவர், சேலைக் கொசுவம் செருகுகிறவர் அதையே உடுத்திக் காட்டுங்கள். முடிச்சு விழும் இடத்தில் பை இருந்தால் ஆயுளுக்கும் தொல்லை.

சிறுகுடல் பையிலிருந்து தண்ணீராகப் போகும். நாளுக்கு ஒன்றரை லிட்டர் தாண்டினால் வெறும் தண்ணீரைக் குடித்து ஈடுகட்ட முடியாது. உப்புக் கரைசல் தேவை, ஆஸ்பத்திரிக்கும் சொல்ல வேண்டும்.

பையோடு கோயிலுக்குப் போகலாமா என்று மெதுவாகக் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படி அத்தனையும் ஏறி முருகனைப் பார்த்துவிட்டு வந்தார். கனமான காவடி மட்டும் வேண்டாம், பையின் ஓரத்தில் குடலிறக்கம் வரும்.

தேதி கிடைத்த பிறகு

உடம்பைத் தயார் செய்யாமல் போவதும் ஒரு தவறு. நம்மவர்களில் சர்க்கரை நோய் அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறாது. சில புதிய சர்க்கரை மாத்திரைகளை மூன்று நாளைக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைக்கும் தனிக் கணக்கு உண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள், மாத்திரைப் பையை அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். ரத்தம் குறைவு என்றால் இரும்புச்சத்து ஏற்ற நேரம் இருக்கிறதா என்று கேளுங்கள். சிகரெட்டை இன்றே விடுங்கள்.

பிரைவேட்டில் மெடிக்கல் கார்டை நம்பி ஆரம்பிப்பவர்கள் ஆப்பரேஷன் செலவை மட்டும் கேட்கிறார்கள். கதிர்வீச்சு, கீமோ, பை மூடும் இரண்டாவது ஆப்பரேஷன் எல்லாம் சேர்த்து அந்த ஆண்டின் வரம்புக்குள் வருமா என்று கேளுங்கள். பாதியில் அரசு ஆஸ்பத்திரிக்கு மாறினால் ஸ்கோப் அறிக்கை, சி.டி. தட்டு, சதைத் துணுக்கு வில்லை எல்லாம் கையோடு வரவேண்டும். வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

ஆப்பரேஷனுக்கு மறுநாளே எழுந்து நடக்கச் சொல்வோம். "பாவம், படுக்கட்டும்" என்று அத்தை போர்வையை இழுத்துவிடுவார். நடக்கட்டும். மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரம்வரை காய்ச்சல், கூடும் வயிற்றுவலி, வேகமான நாடித்துடிப்பு வந்தால் தையல் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு வந்தாலும் அப்படித்தான். காத்திருந்து பார்க்கிற விஷயம் இல்லை.

"எல்லாம் எடுத்தாச்சே, கீமோ எதுக்கு?"

வெட்டி எடுத்த குடலின் அறிக்கையில் குறைந்தது 12 நிணநீர்க் கணுக்களைப் பார்த்திருக்க வேண்டும். அவற்றில் நோய் இருந்தால் மூன்றாம் கட்டம். கண்ணுக்குத் தெரியாமல் ரத்தத்தில் ஒளிந்திருப்பதைத் தேடிப்போவதுதான் கீமோ. முடிந்தவரை 8 வாரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். சிலருக்கு ஆறு மாதத்துக்குப் பதில் மூன்று மாதமே போதும். அதைக் கேளுங்கள்.

ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றும் நாட்களில் தே ஓ ஐஸும் சென்டோலும் கூடாது. குளிர்ச்சி பட்டால் தொண்டை இறுகி மூச்சு முட்டுவதுபோல் ஆகும். ஃபிரிட்ஜைத் திறந்து பால் எடுத்தால்கூட விரல் நுனியில் மின்சாரம் அடிக்கும். கேப்சிடபைன் என்ற கீமோ மாத்திரை சாப்பிடுகிறவர் ஃபோலிக் அமிலம் கலந்த சத்து மாத்திரையைத் தானாகச் சேர்த்துக்கொண்டால் பக்கவிளைவு கூடும். 38 டிகிரி காய்ச்சல் வந்தால் நேரே அவசரப் பிரிவு.

கீமோ முடிந்தவர்களை 2025-இல் வெளியான ஓர் ஆய்வு பின்தொடர்ந்தது. 889 பேர். மூன்று ஆண்டு முறையான உடற்பயிற்சிப் பயிற்சி பெற்ற குழுவில் ஐந்தாண்டு நோயில்லாமல் இருந்தவர் 100-க்கு 80, மற்றக் குழுவில் 74. பொட்டானிக்கல் கார்டனில் காலையில் நடக்க ஒரு வெள்ளியும் செலவில்லை.

நான்காம் கட்டம் என்றதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். கல்லீரலில் மட்டும் சில இடங்களில் பரவியிருந்தால் அதையும் வெட்டி எடுக்க முடியும். கல்லீரல் சர்ஜன் ஒருவர் படத்தைப் பார்த்தாரா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

ஸ்கோப் கட்டியைத் தாண்டிப் போகவில்லை என்று அறிக்கையில் இருந்தால், ஆப்பரேஷன் முடிந்த சில மாதத்தில் மீதிக் குடலையும் பார்க்க வேண்டும். இன்னொரு கட்டி அங்கே உட்கார்ந்திருக்கலாம். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

வார்டுக்கு ஹார்லிக்ஸ் டின்னோடு வரும் தம்பி தங்கைகளும் பிள்ளைகளும் தங்கள் கணக்கைப் போட்டுக்கொள்ளட்டும்: 40 வயது, அல்லது நோய் வந்தவரின் வயதிலிருந்து 10 கழித்தது, இரண்டில் எது முன்னே வருகிறதோ அப்போது ஸ்கோப். அண்ணனுக்கு 46-இல் வந்தால் தம்பிக்கு 36. குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்கள் 50 வயதானதும் அரசு சுகாதாரக் கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானில் மல ரத்தப் பரிசோதனைக் குப்பியைக் கேட்டு வாங்கலாம்.