அழைப்பே வராத ரெஸ்யூமேவைச் சரிசெய்த விதம்
பி.இ. முடித்த பிறகு, எத்தனை ஐடி வேலைக்கு விண்ணப்பித்தாலும் பதிலே வரவில்லை. கல்லூரியில் எல்லோருக்கும் கொடுத்த, இடது வலது என இரண்டாகப் பிரித்த ரெஸ்யூமேதான் என்னிடமும் இருந்தது. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் அதை முதலில் படிப்பது ஒரு மென்பொருள். அந்த மென்பொருளின் கண்ணில் என்ன படும் என்று பார்க்க, பிடிஎஃப்பில் உள்ள எழுத்தையெல்லாம் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினேன். புராஜெக்ட் விவரத்தின் நடுவே ஃபோன் நம்பர் வந்து விழுந்தது. எனக்குத் தெரிந்த ஜாவா (புரோகிராம் மொழி), எஸ்கியூஎல் (டேட்டாபேஸ் மொழி) இரண்டும் படமாக இருந்ததால் காணவே காணோம்!

கூகுள் டாக்ஸில் மேலிருந்து கீழாக ஒரே வரிசையில், சாதாரணத் தலைப்புகளோடு புதிதாக எழுதினேன். திறமைக்கு நானே போட்டிருந்த நட்சத்திரக் குறிகள், போட்டோ, அப்பா பெயர் எல்லாம் போயின. ‘லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்’ என்று புராஜெக்ட் பெயர் மட்டும் இருந்த இடத்தில், டேட்டாபேஸில் என்னென்ன டேபிள்கள், தாமதக் கட்டணம் எப்படிக் கணக்காகிறது என்று இரண்டு வரி சேர்த்தேன். புரோகிராம் கோடு முழுவதும் கிட்ஹப் என்ற இணையதளத்தில், அதை ஓட்டிப் பார்க்கும் முறை அதனுடன் உள்ள ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில்.

அப்புறம்தான் அழைப்புகள் வரத் தொடங்கின. நேர்காணலில் பெரும்பாலும் அந்த இரண்டு வரியைத்தான் தோண்டினார்கள்: இந்த டேபிளை ஏன் தனியாகப் பிரித்தீர்கள், இங்கே டேபிள்களை இணைக்க லெஃப்ட் ஜாய்ன் எதற்கு? காசு கொடுத்து வாங்கிய புராஜெக்டை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது, தம்பி தங்கைகளே. சின்னதாக இருந்தாலும் நீங்களே எழுதியதைப் போடுங்கள். விண்ணப்பிக்கும் முன் அந்த நோட்பேட் சோதனையையும் செய்துவிடுங்கள்.